ராணிக்கு என்ன பேரு?

ஜூன் 12, வியாழன்

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் எங்கள் செம்பேரி அரண்மனையில் ஆள் விழும். இன்று நாலு கூட்டம். எல்லோரும் எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக, அரைத்தூக்கத்தில் வந்தவர்கள். தர்பார் மண்டபத்தின் பர்மா தேக்குத் தூண்களைப் பற்றி நான் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் அந்தத் தூணிலேயே சாய்ந்து குறட்டை விட்டார். அருவியில் குளித்துவிட்டு ஆறு புரோட்டா தின்றவரிடம் சரித்திரம் எடுபடாது. முப்பத்தொரு வருஷமாக இங்கே கைடு வேலை பார்க்கும் இந்தக் கோமதிநாயகத்துக்கு இதுகூடவா தெரியாது?

ஆனால் தோட்டத்துக்குள் வந்ததும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். நட்சத்திரக் குளம், மயில் உருவத்தில் வெட்டிய செடி, யானை உருவத்தில் வெட்டிய செடி. யானையின் துதிக்கையைப் போன மாதம் தோட்டக்கார இசக்கி கைதவறி வெட்டிவிட்டான். இப்போது அது 'ராஜா வேட்டையாடிய காட்டுப்பன்றி'. யாரும் சந்தேகப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது சுத்துத் தோட்டம். ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்த மருதாணி வேலி, அதற்குள் வளைந்து வளைந்து போகும் பாதை, நடுவில் ஒரு கல். பாதிப் பாதைகள் முட்டுச்சந்தில் முடியும். அதன் வாசலில் நின்றுதான் என் கதையைச் சொல்வேன். ராஜாவுக்கும் ராணிக்கும் மனத்தாங்கல், நாற்பது நாள் பேச்சில்லை. பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த காலம் அது. ராஜா யோசித்து இந்தத் தோட்டத்தைப் போட்டார். பூப்பறிக்க உள்ளே போன ராணிக்குத் திரும்ப வழி தெரியவில்லை. பொழுது சாயும் நேரம், வேறு வழியில்லாமல் ராஜாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ராஜா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

இந்த இடத்தில் பெண்கள் "ஐயோ!" என்பார்கள், ஆண்கள் தொண்டையைச் செருமுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதில் மாற்றமே இல்லை. அரண்மனையை நடத்தும் அறக்கட்டளையே இந்தக் கதையைப் பலகையில் எழுதி வாசலில் வைத்திருக்கிறது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இதற்காகவே வருகிறார்கள். பெண் உள்ளே போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், மாப்பிள்ளை ஓட வேண்டும். இன்று ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி "பிரவீண்!" என்று கத்த, மூன்று பேர் ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி வடிவு பூனையிடம், "மோர் வேணுமான்னு கேளு" என்றாள். பூனை கேட்கவில்லை. நானே ஊற்றிக்கொண்டேன். வீட்டைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

ஜூன் 13, வெள்ளி

புதுக் காப்பாட்சியர் பொறுப்பேற்றார். டாக்டர் ஜெனோவா, தூத்துக்குடிக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நம்மைப் பார்க்கிறார். நம்மைப் படிக்கக் கண்ணாடி தேவையில்லை என்பது போல.

வந்த அன்றே சுற்றறிக்கை. அரண்மனைக்கு ஒலிவழிகாட்டி தயாராகப் போகிறதாம். காதில் மாட்டிக்கொண்டால் கதை கேட்குமாம். அதனால் ஒவ்வொரு கைடும் தான் சொல்லும் கதைகளை எழுதி, எதிரே ஆதாரத்தைக் குறித்து, ஜூலை 5-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஆதாரமில்லாத கதை நீக்கப்படும். சொன்னவருக்கு மாற்றுப் பணி வழங்கப்படும். இப்போது காலியாக இருக்கும் ஒரே மாற்றுப் பணி செருப்பு ஸ்டாண்டு.

"சார், சுத்துத் தோட்டத்துக் கதைக்கு என்ன ஆதாரம்?"

"செவிவழி, மேடம்."

"யார் செவி?"

நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். பெரிய பெரிய பேராசிரியர்களை எல்லாம் அந்தச் சிரிப்பாலேயே கடத்திவிட்டிருக்கிறேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

ஜூன் 14, சனி

யார் செவி? நல்ல கேள்விதான்.

ஜூன் 15, ஞாயிறு

ஆறு கூட்டம். தொண்டை கட்டிவிட்டது. வடிவு சுவரைப் பார்த்து, "கல்கண்டும் மிளகும் டப்பாவுல இருக்கு" என்றாள். சுவருக்கு நன்றி.

இதையும் எழுதிவைக்கிறேன், ஒரு தகவலுக்காக மட்டும். போன மாதக் கடைசியில் மும்பையிலிருந்து என் கொழுந்தியாள் குடும்பத்தோடு வந்து அரண்மனையைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஒரே புகழ்ச்சி. "அத்தான் என்னமா பேசுதாவ! ராணி பேரைச் சொல்லிக் கூப்பிடுத எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நீ எத்தன தடவ கேட்டிருப்ப, என்னக்கா?"

"நான் அந்த வாசலையே தாண்டுனதில்ல" என்றாள் வடிவு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். கைடு வாய் சும்மா இருக்குமா? "உள்ளூர்க்காரிக்கு அரண்மனை என்னத்துக்கு? அது பழைய செவரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வடிவு சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அவள் பேச்செல்லாம் பூனையோடும் சுவரோடும்தான்.

எனக்கு ஒன்றும் குறைவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

வாராந்திர விடுமுறை. ஆதாரத்தை இன்று உண்டாக்கினேன். தேடினேன் என்று எழுத நினைத்தேன், டயரியில் பொய் எழுதுவானேன்.

பரணில் கிடந்த பழைய நோட்டிலிருந்து நாலு தாள் கிழித்து டிக்காஷனில் ஊறவைத்துக் காயப்போட்டேன். நூற்று முப்பது வருஷத்துப் பழுப்பு அப்படியே வந்துவிட்டது. பிறகு ஜமீன் காரியஸ்தர் எழுதுவது போல, 'மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு' என்று தொடங்கி, நாற்பது நாள் மௌனம், வேலி, பெயர், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். என் கண்ணே கலங்கியது. மடித்து வைக்கும்போதுதான் கவனித்தேன். நீலப் பால்பாயிண்டில் எழுதியிருக்கிறேன்.

வடிவு பூனையிடம் சொன்னாள்: "இன்னைக்கு ஒனக்கும் எனக்கும் காப்பி கெடையாது. டிக்காஷன் பூரா காயிதம் குடிச்சிட்டு."

ஜூன் 19, வியாழன்

சுத்துத் தோட்டத்தில் ஏதாவது கல்வெட்டு இருக்குமா என்று இசக்கியிடம் கேட்டேன். அவன் கத்தரியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இருவத்திரண்டு வருசமா வாசல்ல நின்னு பேசுதிய. ஒரு நாளாவது உள்ள வந்திருக்கியளா?"

"கைடுக்கு வாசல்தாம்ல வேலை."

"வழி தெரியுமா ஒங்களுக்கு?"

"எல்லாருக்கும் வழி தெரிஞ்சா அதுக்குப் பேரு சுத்துத் தோட்டமா?"

அவன் வேலி பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. உள்ளே கல்வெட்டு எதுவும் இல்லையாம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணிக் கூட்டம். முப்பது பேர், ஒரு வேன் நிறையப் பெண்கள். எங்கள் தெரு மகளிர் குழு என்பது முகங்களைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டாவது வரிசையில், மாம்பழக் கலர் பட்டுச்சேலையில், கையைக் கட்டிக்கொண்டு வடிவு நின்றாள். அந்தச் சேலையை எங்கோ பார்த்த ஞாபகம். காலையில் கிளம்பும்போது பூனையிடம்கூட அவள் எதுவும் சொல்லவில்லை.

நான் அசரவில்லை. தர்பார் மண்டபம், பல்லக்கு, விதானத்தில் தொங்கும் பங்கா விசிறி எல்லாம் முறையாக நடந்தன. அவள் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். தூணைத் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் நகர்ந்த பிறகும் கண்ணாடி அறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். என் வாய் தானாகப் பேசிக்கொண்டு போனது. கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

சுத்துத் தோட்டத்து வாசலில் கதையை ஆரம்பித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. ராணி ராஜாவின் பெயரைச் சொல்லிக் கத்தும் இடத்தில் குரல் கொஞ்சம் நடுங்கக்கூடச் செய்தது. பெண்கள் "ஐயோ!" என்றார்கள்.

"கைடு சார்" என்று ஒரு குரல். வடிவுதான். "ஒரு சந்தேகம்."

இருபத்திரண்டு நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "சொல்லுங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அந்த ராணிக்கு என்ன பேரு?"

வாயைத் திறந்தேன். ராஜாவுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ராஜாவின் குதிரைக்கு வைத்திருக்கிறேன். நாய்க்குக்கூட உண்டு. ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ப் புருஷன் பெயரைச் சொல்லவைக்கிற கதையை இருபத்திரண்டு வருஷம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கேட்பவர்களுக்கும் தோன்றவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல், அதுவும் சின்ன ஆறுதல்தான்.

"ராணி... ராணியார்..." என்றேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நல்லவேளை, சாரல் வலுத்தது. எல்லோரும் வேனுக்கு ஓடினார்கள். வடிவு மட்டும் ஓடாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தாள்.

"பேரு தெரிஞ்சதும் சொல்லுங்க, கைடு சார்."

சாயங்காலம் வீட்டில் வழக்கம்போல. பூனையின் தலையைத் தடவிக்கொண்டே, "ஒனக்கும்தான் இந்த வீட்ல ஒரு பேரு வைக்கல" என்றாள். பூனை வந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஜூன் 23, திங்கள்

ஜெனோவா மேடத்திடம் போய், ஆவண அறைச் சாவி வேண்டும் என்றேன்.

"கதைக்கு ஆதாரம் தேடவா?"

"ராணி பேரு தேட, மேடம்."

அவர் கண்ணாடியை இறக்கவில்லை. சாவியைக் கொடுத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

விடுமுறையிலும் போனேன். ஆவண அறை என்பது மூட்டைகளும் கரப்பான்பூச்சிகளும் குடியிருக்கும் இடம். ராஜாவின் வேட்டை, ராஜாவின் பிறந்தநாள், ராஜாவுக்கு வந்த பல்வலி, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டு. ராணி வரும் இடங்களிலெல்லாம் 'அரண்மனை அம்மாள்', 'உள்கட்டு', 'அவர்கள்'. அந்தக் காலத்துக் காரியஸ்தரும் என்னைப் போல ஒரு கைடாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நாற்பத்தேழு தும்மல். எண்ணியது நானில்லை, வெளியே உட்கார்ந்திருந்த வாட்ச்மேன்.

வீட்டில் மேஜைமேல் மிளகுப்பால் மூடிவைத்திருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். பூனையிடம்கூட.

ஜூன் 27, வெள்ளி

ஒன்றும் கிடைக்கவில்லை. பகலில் நாலு கூட்டம். சுத்துத் தோட்டத்து வாசலில் வாய் வரவில்லை. 'பலகையில் எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஒரு பெயரை நானே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. 'அலங்காரவல்லி' என்று வைத்து, வீட்டில் போய்ச் சொல்லிவிட்டால் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்?

வீட்டில் ஒருத்தி கேட்பாள். 'யார் செவி?' என்று வாயால் கேட்க மாட்டாள். பார்ப்பாள். அது போதும்.

ஜூலை 2, புதன்

கிடைத்துவிட்டது.

'நந்தவன உத்தரவு' என்று மேலே எழுதிய ஒரு நீள நோட்டு. செடிகொடிகள் பற்றித் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த உத்தரவுகள். எலி கடித்த முதல் பத்துப் பக்கங்களைத் தாண்டினால், நல்ல உருட்டான கையெழுத்தில் இப்படி இருக்கிறது. எழுத்து மாறாமல் இங்கே எழுதிக்கொள்கிறேன்:

'மேற்கு நந்தவனத்தில் நாம் படம் வரைந்து கொடுத்திருக்கிறபடி சுற்றுவேலி போடவும். துரையவர்கள் தலைப்பாகை தரித்து வெளியில் நின்றாலும் உள்ளே இருப்பவர் தெரியாதபடிக்கு, தலைப்பாகைக்கு மேல் ஒரு சாண் உயரம் மருதோன்றி வளர வேண்டியது. நடுவில் ஒருவர் மட்டும் உட்காரத்தக்க கல் ஒன்று போடவும். நாம் உள்ளே இருக்கும்போது எவர் வந்து கூப்பிட்டாலும் இருப்பதாகச் சொல்ல வேண்டாம். துரையவர்கள் கூப்பிட்டாலும் அப்படியே. பூரணவல்லி நாச்சியார்.'

மூன்று முறை படித்தேன். தோட்டம் ராஜா போட்டதில்லை. ராணி போட்டது. ராஜா பெயரைச் சொல்ல அல்ல, ராஜா கண்ணில் படாமல் சற்று நேரம் நிம்மதியாக உட்கார. வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் துரை என்கிற ராஜாதான். நான் கதையை இருபத்திரண்டு வருஷமாகத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கதையை எப்போது முதலில் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் கல்யாண நாள். வடிவுக்கு அரண்மனையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே டிக்கெட் கவுண்டர் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒரு பெரிய கூட்டம். எல்லோரும் கைதட்ட, நான் பேச, இன்னொரு கூட்டம் வர, நான் பேச, அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்பதையே மறந்துபோனேன். மத்தியானம் சாப்பாட்டு வாளியைத் திறந்தபோதுதான் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தேன். பெஞ்சில் யாருமில்லை.

பதினோரு நாள் அவள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், மதுரையிலிருந்து வந்த சில ஆசிரியர்களைச் சுத்துத் தோட்டத்து வாசலில் நிறுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மனதில் இருந்தது ஒன்றுதான், அவள் ஒரு வார்த்தை கூப்பிட மாட்டாளா என்று. அதைத்தான் சொன்னேன். நான் போய் மன்னிப்புக் கேட்பதாகக் கதை வைத்திருக்கலாம். அப்படி வைக்காமல் அவளை ராணியாக்கிப் புதருக்குள் தள்ளி, என்னை ராஜாவாக்கிக்கொண்டேன். நன்றாகவே கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போனதும், "பூரணவல்லி நாச்சியார்" என்றேன்.

வடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆனால் கை நின்றது. "நல்ல பேரு" என்றாள். பூனை அப்போது வீட்டில் இல்லை.

ஜூலை 5, சனி

கடைசி நாள். நோட்டையும் என் கடிதத்தையும் ஜெனோவா மேடத்தின் மேஜையில் வைத்தேன். கடிதத்தில், 'சுத்துத் தோட்டத்துக் கதை என் சொந்தச் சரக்கு. ஆதாரம் என் வீடு. காட்டுப்பன்றி உண்மையில் யானை' என்று எழுதியிருந்தேன்.

அவர் நோட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

"ஒங்க கதைக்கு நீங்களே எதிர் சாட்சி கொண்டு வந்திருக்கீங்க, சார்."

"செருப்பு ஸ்டாண்டுதானே, மேடம்?"

"பொய் சொன்னதுக்கு அது உண்டு. ஒரு மாசம், காலையில. உண்மையைக் கண்டுபிடிச்சதுக்கு மத்தியானம் சுத்துத் தோட்டம். அங்க நின்னு இந்த உத்தரவை நீங்கதான் படிக்கணும். இத்தனை வருஷம் சொன்னது கட்டுக்கதைன்னு ஒங்க வாயாலேயே சொல்லணும். ரெக்கார்டிங்குக்கும் ஒங்க குரல்தான்."

செருப்புக்கூடப் பரவாயில்லை. கைதட்டின கூட்டத்திடம் போய்க் கட்டுக்கதை என்று சொல்வதுதான் தாங்க முடியாது.

வீட்டில் பூனையைத் தூக்கி வாசலில் விட்டு, கதவைச் சாத்தினேன். வடிவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நாளைக்கு மத்தியானம் அரண்மனைக்கு வா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"மறந்துருவீயளே" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

மறக்கவில்லை. அரை மணி முன்பே போய் அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு வந்தாள். அதே மாம்பழக் கலர். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

சுத்துத் தோட்டத்து வாசலில் நாற்பது பேர். தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னேன்: "இங்கே ஒரு பலகை இருக்கிறது. அதில் இருப்பது நான் கட்டிவிட்ட கதை." உத்தரவைப் படித்தேன். பூரணவல்லி நாச்சியாரின் பெயரைச் சத்தமாக, இரண்டு தடவை சொன்னேன்.

கைதட்டல் இல்லை. பெண்களில் சிலர் தங்களுக்குள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற ஒரு சிவகாசிக்காரர், "சார், அந்தப் பழைய கதையவே சொல்லுங்க. அதுக்குத்தான் மாப்ளையக் கூட்டியாந்தேன்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இதற்குள் வடிவு உள்ளே போய்விட்டாள்.

கால் மணி, அரை மணி. கூட்டம் குளத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. அவளைக் காணவில்லை. வழி தெரிந்த இசக்கி மயிலுக்குப் பக்கத்தில் நின்று, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் வருவான். கூப்பிடவில்லை. நானே உள்ளே நுழைந்தேன்.

மூன்றாவது திருப்பத்தில் முட்டுச்சந்து. திரும்பினேன், இன்னொரு முட்டுச்சந்து. ஐந்து நிமிஷத்தில் எது கிழக்கு எது மேற்கு என்று தெரியவில்லை. வேலி என் தலைக்கு மேல் இரண்டு சாண் நின்றது. முப்பத்தொரு வருஷ கைடு, தன் தோட்டத்திலேயே தொலைந்துபோனான்.

"ஏட்டி!" என்றேன். முப்பத்துநாலு வருஷமாக அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். பதில் இல்லை. தோட்டத்தில் ஏட்டிகள் பலர் இருக்கலாம்.

"வடிவு!"

எனக்கே அது வேறு யாரோ கூப்பிட்டது மாதிரி இருந்தது. சாரல் மட்டும் இலையில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்றுகூட இல்லை. பதில் சொல்லவே மாட்டாளோ என்று.

"சண்முகவடிவு!" கத்தியேவிட்டேன்.

வேலிக்கு வெளியே கூட்டம் சிரித்தது. சிவகாசிக்காரரின் குரல் கேட்டது: "சார், கதையில ராணில்ல கத்துவாங்க?"

பிறகு கத்தவில்லை. 'இருப்பதாகச் சொல்ல வேண்டாம்' என்பது உத்தரவு. நடந்தேன், திரும்பினேன், நடந்தேன். எப்படி என்று தெரியாது, வேலி விலகி நடுவிடம் வந்தது.

கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய மருதாணி இலை. 'இலை பறிக்கக் கூடாது' என்ற பலகைக்கு எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவன் நான்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"பதில் சொல்லலியே?"

"நாச்சியார் உத்தரவு" என்றாள்.

ஒருவர் மட்டும் உட்காரத்தக்க கல். நான் கீழே தரையில் உட்கார்ந்தேன். ஈரம் வேட்டியில் ஏறியது.

"அன்னைக்கு ஒன்ன பெஞ்சுல உக்கார வச்சிட்டு மறந்துட்டேன். வேலை இருந்துச்சுன்னு அப்பம் சொன்னது பொய். மறந்துதான் போயிட்டேன். அது தப்பு, வடிவு."

அவள் ஒரு கொப்பை உருவிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியிருந்ததா, சாரலா என்று சொல்லத் தெரியவில்லை. "இருவத்திரண்டு வருசம் லேட்டு, கைடு சார்" என்றாள். பிறகு சொன்னாள்: "அந்தம்மா ஏன் இங்கன வந்து உக்காந்தான்னு இப்பம்தான் தெரியுது. நல்ல காத்து. ஒருத்தர் பேச்சும் கேக்கல."

"வெளிய போவமா?"

"வழி தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று பார்க்கவில்லை. மூடும் மணி அடித்த பிறகு இசக்கி வந்து கூட்டிப்போனான். வழி நெடுக அவன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

ஜூலை 7, திங்கள்

இன்று செருப்பு ஸ்டாண்டில் முதல் நாள். ஒன்பது மணிக்குள் போக வேண்டும் என்பதால் காலையிலேயே எழுதுகிறேன்.

வடிவின் விரல்களில் மருதாணி நன்றாகச் சிவந்திருக்கிறது. நல்லா செவந்தா புருஷன் மேல பிரியம் என்பார்கள். அது அரண்மனை மருதாணி, அந்த மண்ணுக்கு யாருக்கும் சிவக்கும் என்றேன். அவள் கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுப் போனாள்.

ஆறு மணி இருக்கும். நான் பாயில்தான் கிடந்தேன், கால்மாட்டில் பூனை. அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"கோமதிநாயகம்! பால் ஆறுது, வா!"

முப்பத்துநாலு வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் கார்டை நீட்டுவாளே தவிரச் சொல்ல மாட்டாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். பூனையும் எழுந்து உட்கார்ந்தது.

"பூனைக்குப் பேரு வச்சிட்டேன்" என்றாள் அடுக்களையிலிருந்தே. "பேரில்லாம ஒரு சீவன் எத்தன நாளைக்கு இருக்கும்?"

இரண்டு பேரும் போனோம். தரையில் ஒரு கிண்ணத்தில் பால் இருந்தது, மேடையில் ஒரு டம்ளரில் காப்பி இருந்தது. யாரைக் கூப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை.